மல்டிகாஸ்ட் ஸ்ட்ரீம் வரவில்லையா? அறிகுறியைப் பார்த்து ரவுட்டரைச் சரிசெய்தல்

ஒரே ஸ்ட்ரீமை, அதைக் கேட்கும் குழுவினர் அனைவருக்கும் ஒருசேர அனுப்புவது மல்டிகாஸ்ட். அதில் கோளாறைத் தேடும்போது பலரும் அனுப்புநரிடமிருந்து தொடங்குகிறார்கள். கேமரா அனுப்புகிறதா, முதல் ரவுட்டருக்கு வருகிறதா, அடுத்ததற்குப் போகிறதா என்று நீரோட்டத்தின் திசையிலேயே நடக்கிறார்கள். ஒருவருக்கு மட்டும் அனுப்பும் யூனிகாஸ்ட்டில் அது சரி. மல்டிகாஸ்ட்டில் பாதை உருவாவது எதிர்த்திசையில். பெறும் கணினி "இந்தக் குழு எனக்கு வேண்டும்" என்று கேட்கிறது. அந்தக் கோரிக்கை ஒவ்வொரு ரவுட்டராக ஏறி அனுப்புநரை நோக்கிப் போகிறது. அது ஏறிய தடத்திலேயே பாக்கெட்டுகள் இறங்கி வருகின்றன. கோரிக்கை எந்த இடத்தில் நின்றுபோனதோ அந்த இடத்தில்தான் கோளாறு இருக்கிறது. எனவே பெறுநரிடம் தொடங்கி மேலே ஏறுங்கள். கீழே எழுதியிருப்பது முழுவதும் இந்த ஒரு பழக்கத்தைச் சார்ந்தது.

எடுத்துக்காட்டுக்கு ஒரு சிறிய நெட்வொர்க்கை வைத்துக்கொள்வோம். அனுப்புநர் 10.1.1.10, அதை ஒட்டி ரவுட்டர் 1. நடுவில் ரவுட்டர் 2. அதன் லூப்பேக் (ரவுட்டருக்குள்ளேயே இருக்கும் மென்பொருள் இன்டர்ஃபேஸ்) முகவரி 10.255.0.2தான் ஆர்பி, அதாவது அனுப்புநரும் பெறுநரும் ஒருவரையொருவர் கண்டுகொள்ளும் சந்திப்புப் புள்ளி. கடைசியில் ரவுட்டர் 3, அதன் கீழே ஒரு ஸ்விட்ச், அதில் பெறுநர் 10.3.3.30. குழு முகவரி 239.10.10.10. ரவுட்டர் 1க்கும் 3க்கும் இடையே நேரடியாக ஒரு மெல்லிய மாற்று இணைப்பும் உண்டு. எல்லா ரவுட்டர்களிலும் பிம் ஸ்பார்ஸ் முறை. பிம் என்பது ரவுட்டர்கள் இந்தக் கோரிக்கைகளைத் தமக்குள் கடத்தும் நெறிமுறை; ஸ்பார்ஸ் என்பது கேட்டவர்களுக்கு மட்டும் அனுப்பும் முறை.

எந்த ரவுட்டரில் நின்றாலும் முதலில் பார்க்க வேண்டியது மல்டிகாஸ்ட் ரவுட்டிங் அட்டவணை. சிஸ்கோவிலும் எஃப்ஆர்ஆர் என்ற ரவுட்டிங் மென்பொருளிலும் "ஷோ ஐபி எம்ரூட்", லினக்ஸ் கர்னலில் "ஐபி எம்ரூட் ஷோ". அதில் (*, ஜி) என்ற வரி "யார் அனுப்பினாலும் இந்தக் குழு வேண்டும்" என்பதைக் குறிக்கிறது. (எஸ், ஜி) என்ற வரி குறிப்பிட்ட ஓர் அனுப்புநருக்கானது. ஒவ்வொரு வரியிலும் உள்வரும் இன்டர்ஃபேஸ் எது, மேலே இருக்கும் ஆர்பிஎஃப் அண்டை ரவுட்டர் (அனுப்புநரை அல்லது ஆர்பியை நோக்கிய அடுத்த ரவுட்டர்) எது, வெளிச்செல்லும் பட்டியலில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். ஸ்ட்ரீமைப் பார்த்து ஊகிப்பதைவிட இந்த மூன்று விவரங்களும் விரைவாக விடையைத் தரும்.

அறிகுறி: தொடக்கத்திலிருந்தே எதுவும் வரவில்லை

பெறும் கணினியில் தொடங்குங்கள். குழுவில் உண்மையிலேயே சேர்ந்திருக்கிறதா? லினக்ஸில் "ஐபி எம்அட்ரஸ் ஷோ", விண்டோஸில் "நெட்ஷ் இன்டர்ஃபேஸ் ஐபி ஷோ ஜாயின்ஸ்" அதைக் காட்டும். இரண்டு நெட்வொர்க் அட்டைகள் இருக்கும் கணினியில் சேர்க்கை தவறான அட்டையில் நடந்திருக்கலாம். இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். வயர்லெஸ்ஸும் கேபிளும் ஒன்றாக இயங்கும் மடிக்கணினிகளில் இது சாதாரணம். ஒன்றை அணைத்துவிட்டுச் சோதித்தால் போதும்.

அடுத்து ரவுட்டர் 3. "ஷோ ஐபி ஐஜிஎம்பி குரூப்ஸ்" பட்டியலில் 239.10.10.10 இருக்க வேண்டும். கணினி தன் ரவுட்டரிடம் குழுவைக் கேட்கும் நெறிமுறைதான் ஐஜிஎம்பி. இல்லையென்றால் கோரிக்கை ஸ்விட்ச்சிலோ கணினியின் ஃபயர்வாலிலோ நின்றுவிட்டது. மேலே ஏறிப் பார்ப்பதில் பயனில்லை. குழு முகவரி 232 என்று தொடங்கினால் இன்னொன்றையும் கவனியுங்கள். 232.0.0.0/8 முழுவதும் அனுப்புநரின் முகவரியையும் சேர்த்துக் கேட்கும் எஸ்எஸ்எம் முறைக்காக ஒதுக்கப்பட்டது. அதற்கு ஐஜிஎம்பி 3ஆம் பதிப்பு தேவை. ரவுட்டரின் இன்டர்ஃபேஸ் 2ஆம் பதிப்பில் நின்றிருந்தால் பெறுநரும் 2க்கு இறங்கிவிடும். அனுப்புநரின் முகவரியைச் சொல்ல அதில் இடமே இல்லை.

ரவுட்டர் 3இல் குழு தெரிகிறது, ஆனால் (*, ஜி) வரியில் உள்வரும் இன்டர்ஃபேஸ் "நல்" என்றோ ஆர்பிஎஃப் அண்டை 0.0.0.0 என்றோ இருக்கிறது என்றால், ஆர்பியை நோக்கிப் போகும் வழியில் பிம் இல்லை. "ஷோ ஐபி பிம் நெய்பர்" கொடுத்துப் பாருங்கள். பிம் ஹலோ 30 விநாடிக்கு ஒருமுறை 224.0.0.13க்குப் போகும், 105 விநாடி ஹலோ வராவிட்டால் அண்டை ரவுட்டர் பட்டியலிலிருந்து நீங்கிவிடும். இடையில் ஃபயர்வால் இருந்தால் ஐபி நெறிமுறை எண் 103ஐ அனுமதிக்க வேண்டும். டிசிபியையும் யுடிபியையும் மட்டும் அனுமதித்துவிட்டு இதை மறந்துவிடுவது வழக்கம். பிம் இரண்டிலும் சேராது, அதற்குப் போர்ட் எண்ணும் கிடையாது.

பிம்மை இயக்க மறக்கும் இடங்கள் இரண்டு உண்டு. ஒன்று, அனுப்புநர் இருக்கும் பக்கத்து இன்டர்ஃபேஸ். "அங்கே வேறு ரவுட்டரே இல்லையே, பிம் எதற்கு" என்று தோன்றும். அது இல்லாவிட்டால் அந்தப் பக்கத்திலிருந்து வரும் மல்டிகாஸ்ட்டை ரவுட்டர் கண்டுகொள்ளாது. மற்றொன்று, ஆர்பி முகவரி இருக்கும் லூப்பேக்.

இவை எல்லாம் சரி என்றால் டிடிஎல்லைப் பாருங்கள். பாக்கெட்டில் இருக்கும் இந்த எண் ஒவ்வொரு ரவுட்டரிலும் ஒன்று குறையும், தீர்ந்தால் பாக்கெட் கைவிடப்படும். யூனிகாஸ்ட்டுக்கு 64 அல்லது 128 என்று வைக்கும் இயங்குதளங்கள் மல்டிகாஸ்ட்டுக்கு இயல்பாக வைப்பது 1. மென்பொருள் தானாக மாற்றிச் சொல்லாதவரை பாக்கெட் முதல் ரவுட்டரிலேயே இறந்துவிடும். மல்டிகாஸ்ட் முகவரிக்குப் போகும் பாக்கெட்டுக்காக ஐசிஎம்பி பிழைச் செய்தி அனுப்பக்கூடாது என்பது விதி. ஆகவே யாருக்கும் தகவல் வராது. அனுப்புநரின் அதே லேனில் இருக்கும் கணினியில் படம் அழகாக ஓடும், ரவுட்டரைத் தாண்டி ஒன்றும் வராது. இந்த இணையைக் கண்டால், பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் டிசிபிடம்ப்பில் விரிவான காட்சியை இயக்கி டிடிஎல் எண்ணைப் படியுங்கள். 16 அல்லது 32 என்று மாற்றினால் பெரும்பாலான நெட்வொர்க்குகளுக்குப் போதும். ஐஜிஎம்பி செய்திகளின் டிடிஎல் எப்போதுமே 1தான். அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

மென்பொருளையும் நெட்வொர்க்கையும் பிரித்துச் சோதிக்க ஒரு நல்ல வழி உண்டு. ரவுட்டர் 3இன் பெறுநர் பக்க இன்டர்ஃபேஸில் "ஐபி ஐஜிஎம்பி ஜாயின்-குரூப்" கட்டளையால் ரவுட்டரையே அந்தக் குழுவில் சேருங்கள். அனுப்புநரின் லேனிலிருந்து 239.10.10.10க்கு, டிடிஎல்லை உயர்த்தி, பிங் செய்யுங்கள். ரவுட்டர் 3 பதில் சொன்னால் மரம், அதாவது அனுப்புநரிலிருந்து பெறுநர்களை நோக்கிக் கிளைக்கும் பாதை, முழுமையாக வளர்ந்திருக்கிறது. கோளாறு ஸ்விட்ச்சிலோ பெறுநரிடமோ ஸ்ட்ரீமிலோ இருக்கிறது. சோதனை முடிந்ததும் அந்த வரியைக் கட்டாயம் நீக்குங்கள். அது இருக்கும்வரை குழுவின் பாக்கெட்டுகள் ரவுட்டரின் செயலிக்கும் போய்க்கொண்டிருக்கும்.

அறிகுறி: நான்கு நிமிடம் நன்றாக ஓடி நின்றுவிடுகிறது

நின்ற பிறகு மென்பொருளை மூடித் திறந்தால் மறுபடியும் ஓடும். மறுபடியும் அதே நேரத்தில் நிற்கும். ஒரு கட்டடத்தில் இந்தக் கோளாறைத் தேடி கேபிளையும் கேமராவையும் மாற்றிப் பார்த்தோம். நின்றுபோகும் நேரத்தைக் கடிகாரத்தில் அளந்த பிறகுதான் விடை கிடைத்தது: ஒவ்வொரு முறையும் 4 நிமிடம் 20 விநாடி. அதாவது 260 விநாடி. அது ஐஜிஎம்பியின் எண்.

ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் இயங்கும் ஸ்விட்ச், பெறுநர் அனுப்பும் சேர்க்கைச் செய்தியை ஒட்டுக்கேட்டு, அந்தப் போர்ட்டுக்கு மட்டும் குழுவைத் திறக்கிறது. அந்தத் திறப்பு நிரந்தரம் இல்லை. குவேரியர் என்ற பொறுப்பில் இருக்கும் ஒரு ரவுட்டர் 125 விநாடிக்கு ஒருமுறை "இன்னும் யாருக்கு வேண்டும்?" என்று கேட்க வேண்டும், பெறுநர்கள் 10 விநாடிக்குள் பதில் சொல்ல வேண்டும். இரண்டு சுற்றுக்குப் பதில் இல்லையென்றால், 125ஐ இரண்டால் பெருக்கி 10ஐக் கூட்டினால் வரும் 260 விநாடியில் போர்ட் மூடப்படும். குவேரியரே இல்லாத லேனில் கேள்வி கேட்பார் இல்லை. பெறுநர் தானாகப் பேசாது. நேரம் முடிந்ததும் ஸ்விட்ச் தன் கடமையைச் சரியாகச் செய்கிறது. நாங்கள் பார்த்த இடத்தில், அதுவரை குவேரியராக இருந்த ஒரு பழைய ரவுட்டரைச் சில நாட்களுக்கு முன்தான் கழற்றியிருந்தார்கள்.

சிஸ்கோவில் கேள்வியின் இடைவெளி இயல்பாகவே 60 விநாடி. அங்கே இந்த நேரம் சுருங்கும். உங்கள் எண் 260 இல்லையென்றாலும், ஒவ்வொரு முறையும் ஒரே அளவாக இருந்தால் சந்தேகம் இதன்மேல்தான் விழ வேண்டும்.

அந்த லேனின் ரவுட்டர் இன்டர்ஃபேஸில் பிம்மை இயக்கினால் அதுவே குவேரியராகிவிடும். ரவுட்டர் தேவைப்படாத தனி லேன் என்றால் ஸ்விட்ச்சிலேயே ஸ்னூப்பிங் குவேரியரை இயக்குங்கள். அந்த லேனில் அதற்கு ஓர் உண்மையான ஐபி முகவரியும் கொடுங்கள். முகவரி இல்லாமல் 0.0.0.0 என்ற பெயரில் போகும் கேள்விகளைச் சில சாதனங்கள் பொருட்படுத்துவதில்லை.

ஸ்னூப்பிங்கை அணைத்தாலும் படம் ஓடும், உண்மைதான். சில நிமிடச் சோதனைக்கு அப்படிச் செய்யலாம்; தீர்வாக விட்டுவிடாதீர்கள். விநாடிக்கு 8 மெகாபிட் ஸ்ட்ரீம்கள் பத்து இருந்தால் 80 மெகாபிட் ஒவ்வொரு போர்ட்டிலும் கொட்டும். 100 மெகாபிட் போர்ட்டில் இருக்கும் அச்சுப்பொறியும் தொலைபேசியும் திணறத் தொடங்கும். அந்தப் புகார்களை யாரும் மல்டிகாஸ்ட்டோடு தொடர்புபடுத்திப் பார்க்க மாட்டார்கள்.

ஒரே லேனில் இரண்டு ரவுட்டர்கள் இருந்தால் பொறுப்புகள் பிரிந்திருக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். குவேரியர் தேர்தலில் சிறிய ஐபி முகவரி வெல்லும். பிம்மில் அந்த லேனுக்காக மேலே கோரிக்கை அனுப்பும் டிஆர் தேர்தலில், முன்னுரிமை சமமாக இருந்தால், பெரிய ஐபி முகவரி வெல்லும். குவேரியரில் எல்லாம் சரியாகத் தெரிந்தும் ஸ்ட்ரீம் வரவில்லை என்றால் நீங்கள் பார்க்க வேண்டிய ரவுட்டர் மற்றொன்று.

அறிகுறி: யூனிகாஸ்ட் பிங் போகிறது, மல்டிகாஸ்ட் மட்டும் ஒரு ரவுட்டரில் நின்றுவிடுகிறது

இது ஆர்பிஎஃப், அதாவது பாக்கெட் சரியான திசையிலிருந்து வந்ததா என்ற சோதனை. மல்டிகாஸ்ட் ரவுட்டிங்கின் இதயம் என்று இதைத்தான் சொல்வேன். யூனிகாஸ்ட்டில் ரவுட்டர் "இது எங்கே போக வேண்டும்?" என்று கேட்கிறது. மல்டிகாஸ்ட்டில் அதற்கு முன் "இது எங்கிருந்து வர வேண்டும்?" என்று கேட்கிறது. அனுப்புநரின் முகவரியை யூனிகாஸ்ட் அட்டவணையில் தேடி, அங்கே போவதற்கான இன்டர்ஃபேஸும் பாக்கெட் வந்த இன்டர்ஃபேஸும் ஒன்றுதானா என்று பார்க்கிறது. வேறு என்றால் பாக்கெட்டைக் கீழே போடுகிறது. சுழற்சி உருவாகாமல் காப்பது இந்தச் சோதனைதான். ஆகையால் இதை அணைக்க வழி தேடாமல், யூனிகாஸ்ட் வழியையும் மல்டிகாஸ்ட் வழியையும் ஒத்துப்போகச் செய்யுங்கள்.

வழக்கமாக இது வரும் இடம் ஜிஆர்இ டனல், அதாவது ஒரு பாக்கெட்டை இன்னொன்றுக்குள் பொதிந்து கடத்தும் வழி. நடுவில் இருக்கும் நெட்வொர்க் மல்டிகாஸ்ட்டைக் கடத்தாததால் டனல் போட்டு, அதன்மேல் பிம்மை இயக்கியிருப்பார்கள். ஆனால் 10.1.1.0/24க்கான யூனிகாஸ்ட் வழி இன்னும் பழைய இன்டர்ஃபேஸையே காட்டும். ரவுட்டர் 3 தன் கோரிக்கையை அந்த இன்டர்ஃபேஸ் வழியாக அனுப்பப் பார்க்கும். அங்கே பிம் அண்டை யாரும் இல்லை. டனல் சும்மா கிடக்கும்.

"ஷோ ஐபி ஆர்பிஎஃப் 10.1.1.10" என்று கேளுங்கள். ரவுட்டர் எந்த இன்டர்ஃபேஸை நம்புகிறது என்று நேரடியாகச் சொல்லும். ஆர்பியின் முகவரிக்கும் அதே கேள்வியைக் கேளுங்கள். (*, ஜி) மரம் ஆர்பியை நோக்கி வளர்கிறது, அனுப்புநரை நோக்கி அல்ல. "ஷோ ஐபி எம்ரூட் கவுண்ட்" காட்டும் ஆர்பிஎஃப் தோல்வி எண்ணிக்கை, ஸ்ட்ரீம் ஓடும்போது ஏறிக்கொண்டே போனால் ஐயமே வேண்டாம்.

யூனிகாஸ்ட் ரவுட்டிங்கைத் திருத்தி அனுப்புநரின் வழியை டனலுக்குள் கொண்டுவருவது தூய்மையான தீர்வு. அது முடியாத இடத்தில் "ஐபி எம்ரூட் 10.1.1.0 255.255.255.0" என்பதோடு டனலின் மறுமுனை முகவரியைச் சேர்த்து நிலையான மல்டிகாஸ்ட் வழி எழுதலாம். பெயர் ரவுட் என்று இருந்தாலும் அது எந்தப் பாக்கெட்டையும் எங்கும் அனுப்பாது. ஆர்பிஎஃப் சோதனைக்கு மட்டும் பதில் சொல்லும். ஆர்பியின் முகவரிக்கும் அதேபோல ஒரு வரி தேவைப்படும், அதை விட்டுவிடாதீர்கள்.

அறிகுறி: முதல் நொடிகள் தெளிவு, பிறகு படம் உடைகிறது

பெறுநரின் ரவுட்டர் முதலில் ஆர்பி வழியாக ஸ்ட்ரீமை வாங்குகிறது. அனுப்புநர் யாரென்று தெரிந்ததும் அனுப்புநரை நோக்கி நேரடியாக ஒரு மரத்தை வளர்த்து, புதிய வழியில் பாக்கெட் வந்தவுடன் பழையதை வெட்டிவிடுகிறது. சிஸ்கோவில் இயல்பாக முதல் பாக்கெட்டிலேயே இந்த மாற்றம் தொடங்கும்.

நம் எடுத்துக்காட்டில் ரவுட்டர் 3இலிருந்து 10.1.1.10க்குக் குறுகிய வழி அந்த மெல்லிய மாற்று இணைப்பு என்று வையுங்கள். அது 4 மெகாபிட். ஸ்ட்ரீம் 8 மெகாபிட். ரவுட்டர் 2 வழியாக வரும் முதல் நொடிகள் தெளிவாக இருக்கும். மாறியவுடன் படம் கட்டம் கட்டமாக உடையும். பிம் ஹலோவும் பிங்கும் சிறியவை என்பதால் அந்த இணைப்பு பார்வைக்கு நலமாகவே தெரியும். மாற்று இணைப்பின் யூனிகாஸ்ட் செலவு மதிப்பை (மெட்ரிக்) உயர்த்தி, தேவைப்படும்போது மட்டும் பயன்படும்படி செய்யுங்கள். அல்லது "எஸ்பிடி-த்ரெஷோல்டு இன்ஃபினிட்டி" என்ற அமைப்பால் பெறுநரின் ரவுட்டர் ஆர்பி மரத்திலேயே தங்கும்படி செய்யலாம். நான் முதலாவதையே விரும்புவேன். இரண்டாவது, எல்லாச் சுமையையும் ஆர்பியின்மேல் ஏற்றுகிறது.

அறிகுறி: பெறுநர் பக்கம் (*, ஜி) சரி, (எஸ், ஜி) உருவாகவே இல்லை

அனுப்புநரும் பெறுநரும் சந்திக்கவில்லை. எல்லா ரவுட்டர்களிலும் 239.10.10.10க்கு ஆர்பி எது என்று தனித்தனியாகக் கேளுங்கள். ரவுட்டர் 1 ஒரு முகவரியையும் ரவுட்டர் 3 வேறொன்றையும் சொன்னால், இரண்டும் தனித்தனியே குறையில்லாமல் தெரியும். சேர்ந்து வேலை செய்யாது.

ஆர்பி ஒன்றுதான் என்றால் ரிஜிஸ்டர் செய்தியைப் பாருங்கள். ரவுட்டர் 1 முதல் பாக்கெட்டுகளைப் பிம் ரிஜிஸ்டருக்குள் பொதிந்து யூனிகாஸ்ட்டாக ஆர்பிக்கு அனுப்புகிறது. அனுப்புநரின் முகவரி ரவுட்டர் 1இன் இன்டர்ஃபேஸ் சப்நெட்டில் அடங்காவிட்டால் இந்த வேலை நடக்காது. தானாக முகவரி வழங்கும் டிஎச்சிபி கிடைக்காமல் 169.254 என்று தானே முகவரி வைத்துக்கொண்ட சாதனங்களில் இப்படி ஆகும். வழியில் ஃபயர்வால் 103ஐத் தடுத்தாலும் ஆர்பிக்கு எதுவும் தெரியாது. எதிர்த்திசையும் முக்கியம்: ஆர்பி அனுப்பும் ரிஜிஸ்டர்-ஸ்டாப் திரும்பி வரவில்லையென்றால் ரவுட்டர் 1 ஒவ்வொரு பாக்கெட்டையும் பொதிந்துகொண்டே இருக்கும், அதன் செயலியின் சுமை ஏறுவதை வைத்தே இதைக் கண்டுபிடிக்கலாம்.

அறிகுறி: லினக்ஸ் ரவுட்டரில் மட்டும் வேலை செய்யவில்லை

"எம்சி_ஃபார்வர்டிங்" அமைப்பில் 1 என்று எழுதப் பார்த்து, ஏற்கவில்லை என்று பலர் தவிக்கிறார்கள். அது படிக்க மட்டுமே. பிம்டி, எஸ்எம்சிரூட், ஐஜிஎம்பிபிராக்ஸி போன்ற ஒரு டீமன் (பின்னணியில் இயங்கும் நிரல்) மல்டிகாஸ்ட் ரவுட்டிங்கைக் கையில் எடுத்ததும் கர்னலே அதை 1 ஆக்கும். ஓர் அட்டவணையை ஒரு நேரத்தில் ஒரு டீமன்தான் பிடிக்க முடியும். இரண்டாவது டீமன் "முகவரி பயன்பாட்டில் உள்ளது" என்ற பிழையோடு நின்றால், முதலாவதைக் கண்டுபிடித்து நிறுத்துங்கள்.

அடுத்தது "ஆர்பி_ஃபில்டர்". இது பிம்மின் ஆர்பிஎஃப்புக்கு வெளியே, கர்னல் எல்லாப் பாக்கெட்டுகளுக்கும் செய்யும் தனிச் சோதனை. மதிப்பு 1 என்றால் கண்டிப்பானது, 2 தளர்வானது, 0 இல்லை. "ஆல்" என்பதற்கும் அந்த இன்டர்ஃபேஸுக்கும் உள்ள மதிப்புகளில் பெரியது எதுவோ அதுவே நடைமுறைக்கு வரும். ஆகவே இன்டர்ஃபேஸில் 0 என்று வைத்துவிட்டு "ஆல்" 1ஆக இருந்தால் எதுவும் மாறாது. டிசிபிடம்ப்பில் பாக்கெட் தெரிகிறது, எம்ரூட் எண்ணிக்கை அசையவில்லை என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

ஐஜிஎம்பிபிராக்ஸியில் அனுப்புநரை நோக்கிய இன்டர்ஃபேஸ்தான் அப்ஸ்ட்ரீம். அனுப்புநர் அப்ஸ்ட்ரீம் இன்டர்ஃபேஸின் சப்நெட்டுக்கு வெளியே இருந்தால் அந்த நெட்வொர்க்கை "ஆல்ட்நெட்" வரியில் எழுத வேண்டும். இணையத் தொலைக்காட்சிச் சேவைகளில் அனுப்புநர் பெரும்பாலும் வெளியேதான் இருக்கும். ஃபயர்வாலில் உள்ளே வரும் ஐஜிஎம்பி, அதாவது நெறிமுறை எண் 2, மற்றும் கடந்து செல்லும் 224.0.0.0/4 யுடிபி ஆகிய இரண்டையும் தனித்தனியே அனுமதிக்க வேண்டும். பல சேனல்களை ஒன்றாக வாங்கும் மென்பொருள் இருபதோடு நின்றுவிட்டால், ஒரு சாக்கெட்டுக்கு 20 குழு என்ற இயல்பான வரம்பை "ஐஜிஎம்பி_மேக்ஸ்_மெம்பர்ஷிப்ஸ்" அமைப்பில் உயர்த்துங்கள்.

அறிகுறி: கேட்காத போர்ட்டுகளுக்கும் ஸ்ட்ரீம் போகிறது

குழு முகவரியைத் தேர்ந்தெடுத்த விதத்தில் தவறு இருக்கலாம். ஐபி குழு முகவரியில் 28 பிட் மாறும். ஈதர்நெட் முகவரிக்குள் 23 பிட்தான் போகிறது. எனவே 32 குழுக்கள் ஒரே ஈதர்நெட் முகவரியைப் பகிர்கின்றன. 239.10.10.10ம் 239.138.10.10ம் அப்படிப்பட்ட இணை. இதைவிடத் தொல்லையானது 239.0.0.0/24, 239.128.0.0/24 வரிசைகள். அவை 224.0.0.0/24இன் ஈதர்நெட் முகவரிகளோடு மோதுகின்றன. ரவுட்டிங் நெறிமுறைகள் வாழும் அந்த வரிசையை ஸ்விட்ச்சுகள் எல்லாப் போர்ட்டுக்கும் அனுப்பிவிடும். 224.0.0.0/24ஐயே ஸ்ட்ரீமுக்குப் பயன்படுத்தினால் நிலைமை தலைகீழ்: டிடிஎல் என்னவாக இருந்தாலும் எந்த ரவுட்டரும் அதைக் கடத்தாது. குழு முகவரியை மாற்றுவது மட்டுமே இதற்குத் தீர்வு.

அறிகுறி: குழுவுக்குப் பிங் வருகிறது, ஸ்ட்ரீம் வரவில்லை

பாக்கெட்டின் அளவைப் பாருங்கள். ஜிஆர்இ டனலின் எம்டியூ, அதாவது அதில் போகக்கூடிய மிகப்பெரிய பாக்கெட், பெரும்பாலும் 1476 பைட். அனுப்புநர் 1500 பைட் பாக்கெட்டை, துண்டாக்கக் கூடாது என்ற குறியோடு அனுப்பினால் டனலின் வாயிலில் விழுந்துவிடும். அளவைக் குறைக்கச் சொல்லும் ஐசிஎம்பி செய்தி மல்டிகாஸ்ட்டுக்கு வராது. ஒரு பாக்கெட்டில் 188 பைட் டிரான்ஸ்போர்ட் ஸ்ட்ரீம் துண்டுகள் ஏழு என்று வைத்தால் 1316 பைட். ஆர்டிபி, யுடிபி, ஐபி தலைப்புகளோடு 1356. அது டனலைத் தாராளமாகக் கடக்கும். பிங்கையும் அதே அளவில், துண்டாக்காத குறியோடு அனுப்பிப் பாருங்கள். அப்போதுதான் அந்தச் சோதனை ஸ்ட்ரீமின் நிலையைக் காட்டும்.